கொடைக்கானலில் எதை எங்கே வாங்குவது: ஒரு வில்பட்டிக்காரி சொல்லும் வழி

கொடைக்கானலை ஒட்டிய வில்பட்டியில் எங்கள் வீட்டு மாடியில் இரண்டு அறைகள் இருக்கின்றன. ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு விடுகிறோம். போன சீசனில் மதுரையிலிருந்து வந்த ஒரு குடும்பம், கிளம்புகிற அன்று வாங்கிய சாமான்களையெல்லாம் திண்ணையில் பரப்பி அடுக்கிக்கொண்டிருந்தது. அந்த அம்மா ஒரு பூண்டை எடுத்து என் கையில் வைத்து, "மலைப்பூண்டு, ரெண்டு கிலோ வாங்கிட்டேன் அக்கா" என்றார். வாங்கிய கைக்கே தெரிந்துவிட்டது. வெள்ளை வெளேரென்று, பெரிது பெரிதாக, புகை வாசமே இல்லாமல் இருந்தது. எங்கள் மலையில் விளைந்ததில்லை. கிளம்புகிற நேரத்தில் அவர் மனதைக் கெடுக்க வேண்டாம் என்று பேசாமல் இருந்துவிட்டேன். அது இன்னும் உறுத்துகிறது. முன்பே சொல்லியிருந்தால் அவர் சரியான இடத்துக்குப் போயிருப்பார் இல்லையா? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

என் அம்மா கொடைக்கானல் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் சாக்கு விரித்துக் கடை போட்டவர். பள்ளிக்கூடம் இல்லாத நாள் என்பதால் எல்லா ஞாயிறும் நான் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்திருப்பேன். இங்கே சொல்வதில் பாதி அங்கே கற்றது.

முதல் விஷயம். விலை கேட்பதற்கு முன்னால், "இது எந்த ஊர்ச் சரக்கு, எப்போ எடுத்தது?" என்று கேளுங்கள். தோட்டக்காரர் என்றால் பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், பள்ளங்கி என்று ஊர்ப்பெயர் சட்டென்று வாயில் வரும். "நேத்து சாயங்காலம் பிடுங்கினது" என்பார். "எல்லாம் நம்ம கொடைக்கானல்தான் சார்" என்று பொதுவாகச் சொன்னால், அது மண்டியிலிருந்து மேலே ஏறி வந்த சரக்காகவும் இருக்கலாம். கீழே ஒட்டன்சத்திரத்தில் தமிழ்நாட்டின் பெரிய காய்கறி மார்க்கெட்டுகளில் ஒன்று இருக்கிறது. இங்கே விளைவது அங்கே இறங்குவதைப் போலவே, வெளியூர்ச் சரக்கு அங்கிருந்து இங்கே ஏறவும் செய்யும்.

காய்கறிக்கு ஞாயிற்றுக்கிழமைச் சந்தைதான். உங்கள் பயணத்தில் ஒரு ஞாயிறு வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போய்விடலாம். காரை அந்தப் பக்கம் கொண்டுபோகாதீர்கள், திருப்ப இடம் கிடைக்காது. காலையில் எட்டு ஒன்பது மணிக்குப் போனால் நல்ல சரக்கு கிடைக்கும். சாயங்காலம் போனால் மலிவாகக் கிடைக்கும், ஆனால் பொறுக்கி எடுத்த மிச்சம்தான் இருக்கும். பெரிய கடைகளைத் தாண்டி, ஓரத்தில் இரண்டு மூன்று சாமான்களை மட்டும் வைத்து உட்கார்ந்திருக்கும் அம்மாமார்களிடம் போங்கள். பட்டாணி, பட்டர் பீன்ஸ், சௌசௌ, ஒரு கட்டுக் கீரை, கொஞ்சம் மரத்தக்காளி என்று கூறு கட்டி வைத்திருப்பார்கள். கூறு என்றால் எடை கிடையாது, குவியலுக்கு ஒரு விலை. கேரட் வாங்கினால் மண்ணோடு இருப்பதை எடுங்கள். மெஷினில் கழுவிய கேரட் பார்க்க அழகாக இருக்கும், ஈரம் பட்டதால் சீக்கிரம் அழுகும். மண் கேரட் ஊர் போய்ச் சேர்ந்து ஒரு வாரம் தாங்கும்.

பேரம் பேசலாமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். கடைக்காரர்களிடம் பேசுங்கள். கூறு போட்டு விற்கும் அம்மாவிடம் வேண்டாம். விலையைக் குறைக்கச் சொல்வதைவிட, "கொசுறு போடுங்கம்மா" என்று கேட்டுப் பாருங்கள். கொத்தமல்லியோ இரண்டு பச்சை மிளகாயோ சிரித்துக்கொண்டே போடுவார்கள். என் அம்மா ஐந்து ரூபாய் குறைக்க மாட்டார், ஆனால் கொசுறு கேட்டவர்களுக்குக் கை நிறைய அள்ளிப் போடுவார்.

இனி பூண்டு. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்குப் பிறகு பேர் பரவி, எல்லாப் பூண்டும் மலைப்பூண்டாகிவிட்டது. எங்கள் பக்கம் மே வாக்கில் ஒரு போகம், நவம்பர் வாக்கில் ஒரு போகம் நடுவார்கள். எடுத்த பூண்டைத் தாளோடு கட்டுக் கட்டாகக் கட்டி, பரண் போட்ட கொட்டகையில் தொங்கவிட்டு, அடியில் புகை போடுவார்கள். அந்தப் புகைதான் அதை மாதக்கணக்கில் கெடாமல் காக்கிறது. அதனால் மலைப்பூண்டு பளிச்சென்று இருக்காது. மேல்தோல் மங்கி, லேசாகப் பழுப்பேறி இருக்கும். முகர்ந்தால் முதலில் புகை வாசமும் அப்புறம் பூண்டு வாசமும் வரும். பூண்டும் சின்னதாகத்தான் இருக்கும், பல்லெல்லாம் ஒரே அளவாக இராது. தோல் பல்லோடு இறுக ஒட்டியிருக்கும். ஒரு பல்லைக் கடித்தால் காரம் மூக்குக்கு ஏறும். தாள் அறுக்காமல் கட்டாகவே விற்பவரிடம் வாங்குவது நல்லது, கலப்படம் செய்ய வழியில்லை. பூம்பாறைக்குக் குழந்தை வேலப்பரைப் பார்க்கப் போகிறவர்கள் அங்கேயே ஊருக்குள் விசாரித்துத் தோட்டக்காரர்களிடம் வாங்கலாம்.

திரும்பும்போது பெரியகுளம் வழியாகப் போகிறவர்கள் வடுகபட்டியில் இறங்கிப் பாருங்கள். பூண்டுக்கென்றே பேர்போன மார்க்கெட் அது. எங்கள் மலைப் பூண்டும் அங்கே போகும், வடநாட்டுப் பூண்டும் வரும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கையில் எடுத்துப் பார்த்தால், நான் மேலே சொன்ன வித்தியாசம் ஒரு நிமிடத்தில் புரிந்துவிடும்.

பழங்களுக்குக் காலம் உண்டு. எந்த மாதம் வருகிறீர்களோ அந்த மாதத்துப் பழத்தை வாங்குங்கள். மே, ஜூனில் ப்ளம்ஸ். தோல்மேல் வெள்ளையாகப் பொடி பூத்த மாதிரி இருந்தால் மருந்து என்று பயப்படாதீர்கள். அது பழத்தின் இயற்கைப் பூச்சு, அதிகம் கை படவில்லை என்பதற்கு அடையாளம். மழைக்காலத்தில் பேரிக்காய். தாட்பூட் பழம் (பேஷன் ஃப்ரூட்) கிடைத்தால் தோல் சுருங்கியதாகப் பார்த்து எடுங்கள், அதுதான் இனிக்கும். பட்டர் ஃப்ரூட்டைக் கல் மாதிரி இருக்கும்போதே வாங்கி, செய்தித்தாளில் சுற்றி ஒரு வாழைப்பழத்தோடு வைத்தால் நாலைந்து நாளில் பழுக்கும். காயைக் காதருகே வைத்து ஆட்டினால் உள்ளே கொட்டை அசைகிற சத்தம் கேட்க வேண்டும், அப்போதுதான் விளைந்த காய். காயாக ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டால் சரியாகப் பழுக்காது. வெள்ளி அருவி பக்கத்துக் கடைகளில் எல்லாப் பழமும் அடுக்கியிருக்கும், ஆனால் அங்கே வண்டிக்கூட்டத்துக்கு ஏற்ற விலை. ஊத்து, பண்ணைக்காடு பக்கம் தோட்டத்தை ஒட்டியே விற்கிறவர்களைப் பார்த்தால் அங்கே நிறுத்துங்கள்.

பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பெரும்பாறை ஆகிய மூன்று பெயர்களையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஏரியைச் சுற்றிவிட்டுக் கீழே இறங்கிவிடுகிறவர்கள் இந்தப் பக்கத்தைப் பார்ப்பதே இல்லை. கீழ்ப்பழனி மலை இது. சில்வர் ஓக் நிழலில் காபி, மரத்தில் ஏறிய மிளகு, இடையிடையே மலைவாழையும் கமலா ஆரஞ்சும். காபி வாரியத்தின் ஆராய்ச்சி நிலையம் ஒன்று தாண்டிக்குடியிலேயே இருக்கிறது. இங்கே விளைகிற காபி அடிவாரத்துப் பட்டிவீரன்பட்டிக்குப் போய்த் தோல் நீங்கித் தரம் பிரிந்து வெளியே போகிறது. ஆகவே காபி வாங்க ஏரிக்கரைக் கடை வேண்டாம். இந்த ஊர்களிலோ பட்டிவீரன்பட்டியிலோ, கொட்டையாகப் பார்த்து, கண் முன்னால் வறுத்து அரைத்துத் தருகிற கடையில் வாங்குங்கள். "சிக்கரி எவ்வளவு?" என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள், சொல்லாவிட்டால் வழக்கப்படி கலந்துவிடுவார்கள். வீட்டில் அரைக்க வசதி இருந்தால் வறுத்த கொட்டையாகவே எடுத்துப் போங்கள். மிளகை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டால் முற்றியது அடியில் போகும். பொக்கும் பப்பாளி விதையும் மிதக்கும்.

மலைவாழைக்குத் தனியாக நாலு வரி எழுத வேண்டும், எனக்கு அவ்வளவு பிடிக்கும். விருப்பாச்சி, சிறுமலை என்று இரண்டு வகை, இரண்டுக்கும் புவிசார் குறியீடு உண்டு. பழனி பஞ்சாமிர்தத்துக்குக் காலங்காலமாகப் பேர் வாங்கித் தந்தது இந்த விருப்பாச்சிப் பழம்தான். முடிக்கொத்து நோய் வந்து ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாக அழிந்து, திரும்பவும் மெல்ல மெல்ல வந்தது. பழுக்கப் பழுக்கத் தோல் கறுத்துச் சுருங்கும். அதைப் பார்த்து அழுகல் என்று ஒதுக்குகிறார்கள், எனக்கு வயிறு எரியும். உரித்துப் பாருங்கள், உள்ளே கெட்டியாக, தண்ணீர்ப் பசை இல்லாமல், லேசான புளிப்போடு இனிக்கும். ஒரு சீப்பு காயும் ஒரு சீப்பு பழமுமாக வாங்கினால் ஊர் போயும் சாப்பிடலாம்.

தேன் விஷயத்தில் கவனம் வேண்டும். இந்த மலையில் பளியர் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாகத் தேன் எடுக்கிறார்கள். அவர்களை நேரில் தெரிந்தவர் மூலமாக வாங்க முடிந்தால் அதற்கு மேல் ஒன்றும் கிடையாது. ரோட்டோரத்தில் பாட்டிலுக்குள் தேனடைத் துண்டு மிதக்க விட்டு விற்கிறார்கள். அடை இருப்பதால் தேன் சுத்தம் என்று ஆகிவிடாது, சர்க்கரைப் பாகிலும் அடையைப் போடலாம். தீக்குச்சி கொளுத்திக் காட்டுவது, தண்ணீரில் சொட்டு விட்டுக் காட்டுவது எதையும் நம்ப வேண்டாம். அதே மாதிரி, தேன் அடியில் உறைந்துவிட்டால் கலப்படம் என்று கொட்டிவிடாதீர்கள், நல்ல தேனும் உறையும். "குறிஞ்சித் தேன்" என்று யாராவது நீட்டினால் எந்த வருஷத்துத் தேன் என்று கேளுங்கள். நீலக்குறிஞ்சி இங்கே மலை முழுக்கப் பூத்தது 2006இல், அப்புறம் 2018இல். அடுத்தது 2030தான்.

சாக்லேட் எல்லோரும் வாங்குவார்கள், வாங்குங்கள். ஆனால் கொக்கோ எங்கள் குளிரில் விளைகிற பயிர் இல்லை. இங்கே உருக்கி வார்க்கிறார்கள், அவ்வளவுதான். எதை உருக்குகிறார்கள் என்பதில்தான் தரம் இருக்கிறது. அட்டையில் கொக்கோ பட்டர் என்று போட்டிருந்தால் எடுங்கள். தாவரக் கொழுப்பு என்று முதலில் வந்தால் அது காம்பவுண்டு, நாக்கில் மெழுகு மாதிரி ஒட்டும். எடைக்குக் கொடுக்கும் கடையில் ஒரு துண்டு கேட்டு வாயில் வையுங்கள். மெல்லாமலே கரைந்தால் நல்லது.

தைலத்துக்கும் ஒரு சோதனை இருக்கிறது. யூகலிப்டஸ் தைலத்தில் ஒரு சொட்டு வெள்ளைக் காகிதத்தில் விட்டுக் கொஞ்ச நேரம் காற்றாட வையுங்கள். சுத்தமாக ஆவியாகிப் போனால் சரி. எண்ணெய்க் கறை நின்றால் வேறு எண்ணெய் கலந்திருக்கிறது.

ஸ்வெட்டர், குல்லாய் வாங்க ஏரிப் பக்கம் திபெத்தியர்களின் கடைகள் உண்டு. பெரும்பாலும் லூதியானா சரக்கு. கதகதப்பாக இருக்கும், பேரமும் பேசலாம், இங்கே நெய்தது என்று மட்டும் நினைத்துக்கொள்ள வேண்டாம்.

மெதுவாக நடந்து பார்க்கிற மாதிரி கடைகள் வேண்டும் என்றால் பி.டி. சாலைக்கும் அண்ணா சாலைக்கும் போங்கள். மண்பாண்டம், கைத்தையல், மெழுகுவத்தி, சோப்பு, ஜாம், சீஸ் என்று சின்னச் சின்னக் கடைகள். இங்கே விலை ஒட்டியிருக்கும், பேரம் கிடையாது. "யார் செஞ்சது?" என்று கேளுங்கள். பக்கத்து ஊர்ப் பெண்கள் செய்ததாக இருந்தால் கடைக்காரர் பெருமையாகச் சொல்லுவார். மண் கோப்பை வாங்கினால் மேஜைமேல் வைத்து ஆடுகிறதா பாருங்கள், விரலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் நன்றாக வெந்தது, மொத்தென்று கேட்டால் எங்கோ விரிசல். சீஸ் வாங்குவதைக் கிளம்புகிற காலைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மலை இறங்கியதும் வெயில் தாக்கும்.

ஒன்றை மட்டும் வாங்கவே வேண்டாம் என்று கைகூப்பிக் கேட்கிறேன். பாசி, பெரணி, ஆர்க்கிட் என்று சோலைக்காட்டிலிருந்து பிடுங்கி வந்ததை ரோட்டோரத்தில் விற்றால் தொடாதீர்கள். உங்கள் ஊர் வெயிலில் அது ஒரு மாதம் இருக்காது. எங்கள் ஊர் ஓடைக்குத் தண்ணீர் அந்தச் சோலைகளிலிருந்துதான் வருகிறது. செடி வேண்டும் என்றால் நர்சரியில் வளர்த்ததை வாங்குங்கள்.

கிளம்பும் முன் வீட்டிலிருந்து நாலைந்து மஞ்சப்பை எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக் பையோடு வந்தால் சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள், தண்ணீருக்கும் எவர்சில்வர் பாட்டில்தான் நல்லது. வண்டிக்கு இ-பாஸ் எடுப்பதை மறக்காதீர்கள், 2024 மே மாதத்திலிருந்து கட்டாயம்.

பழனி வழியாக இறங்குகிறவர்கள் பஞ்சாமிர்தத்தைத் தேவஸ்தானக் கடையில், தேதி பார்த்து வாங்குங்கள்.

வண்டியில் அடுக்கும்போது காய்கறி அடியில், பழம் மேலே, கோப்பைகள் ஸ்வெட்டருக்குள். பூண்டை மட்டும் டிக்கியில் அடைக்க வேண்டாம். தாளோடு ஒரு கயிறு கட்டிப் பின் சீட்டுக்கு மேலே தொங்கவிட்டு, ஜன்னலைக் கொஞ்சம் இறக்கி வையுங்கள். வீட்டுக்குப் போனதும் அப்படியே அடுப்படியில் காற்றுப் படுகிற இடத்தில் ஆணி அடித்து மாட்டிவிடலாம்.