அம்போசெலியில் ஒரே ஒரு இரவு: சஃபாரி போகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கென்யாவுக்கு முதல்முறை போகிறவர்களின் பயணத் திட்டத்தை வாங்கிப் பார்த்தாலே போதும், அம்போசெலி தேசியப் பூங்காவில் அவர்கள் எதைக் கோட்டைவிடப் போகிறார்கள் என்று தெரிந்துவிடும். நாங்களெல்லாம் ஆரம்பத்தில் போட்ட அதே திட்டம், அதே அவசரம். வருடங்கள் ஓடியும் அது மட்டும் மாறவில்லை. தொப்பி எடுத்துப் போங்கள், தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்பதையெல்லாம் ஏஜென்ட்டே சொல்லிவிடுவார். அவற்றை விட்டுவிடுகிறேன்.

ஒரே ஒரு இரவு தங்குவது

காலையில் நைரோபியில் கிளம்பி, மதியச் சாப்பாட்டுக்கு அம்போசெலி. மாலையில் ஒரு சுற்று. மறுநாள் காலை உணவு முடித்து நகுரு, அப்புறம் மசாய் மாரா என்று அடுத்தடுத்த பூங்காக்கள். பத்தில் எட்டுத் திட்டங்கள் இப்படித்தான் வருகின்றன. "சின்ன பூங்காதான் சார், அரை நாள் போதும்" என்பார் ஏஜென்ட். 392 சதுர கிலோமீட்டர் என்பது ஆப்பிரிக்கக் கணக்கில் சின்னதுதான். ஆனால் அம்போசெலியைப் பரப்பளவை வைத்துத் திட்டமிடக் கூடாது, மணியை வைத்துத் திட்டமிட வேண்டும்.

காரணம் தண்ணீர். இங்கே ஆண்டு மழை சுமார் 350 மில்லிமீட்டர், சென்னையில் பெய்வதில் கால்பங்கு. ஆனாலும் பூங்காவின் நடுவே எங்கோங்கோ நாரோக், லோங்கினியே போன்ற சதுப்புகள் வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கின்றன. கிளிமஞ்சாரோவின் சரிவுக் காடுகளில் பெய்யும் மழை எரிமலைப் பாறைகளுக்குள் இறங்கி, நிலத்துக்கு அடியிலேயே வடக்கே வந்து, இங்கே ஊற்றாகப் பொங்குகிறது. மலை தான்சானியாவில், தண்ணீர் கென்யாவில்.

யானைகளின் ஒரு நாள் இந்தச் சதுப்பைச் சுற்றித்தான். இரவில் பல கூட்டங்கள் பூங்காவுக்கு வெளியே, மசாய் மக்களின் நிலங்களில் உள்ள புதர்க்காடுகளில் இருக்கும். விடிந்ததும் பொட்டல் வெளியைக் கடந்து வரிசையாக உள்ளே வரும். மதியம் வயிறு மூழ்க சதுப்புக்குள் நிற்கும். பொழுது சாயும்போது திரும்பிப் போகும். மலைக்கும் ஒரு நேரம் உண்டு. 5,895 மீட்டர் உயரச் சிகரம் அதிகாலையில் பளிச்சென்று தெரியும். ஒன்பது பத்து மணிக்குள் மேகம் மூடிக்கொள்ளும். மாலையில் சில நாள் திறக்கும், பல நாள் திறக்காது.

ஆக யானை வரிசை, மலை, நல்ல வெளிச்சம் மூன்றும் ஒன்றாக அமைவது காலை ஆறிலிருந்து எட்டரை வரைதான். ஒரு இரவு தங்கினால் உங்களுக்குக் கிடைப்பது ஒரே ஒரு காலை. அன்றைக்கு மேகம் இருந்தால் அதுவும் போச்சு.

அந்த ஒரே காலையையும் நம்மவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? கோயம்புத்தூரிலிருந்து வந்த ஒரு குடும்பத்தோடு நான் போயிருந்தேன். முதல் நாள் மாலை, கல்லூரியில் படிக்கும் பையன் கேட்டான்: "அண்ணா, மலை எந்தப் பக்கம்?" தெற்கே கையைக் காட்டினேன். வெள்ளை மேகம்தான் இருந்தது. "இருக்குதா இல்லையா, சரியாச் சொல்லுப்பா" என்றார் அவனுடைய அப்பா. காலையில் ஆறு மணிக்கே கிளம்பினால் காட்டுகிறேன் என்றேன். எல்லோரும் சரி என்றார்கள்.

மறுநாள் ஆறு மணிக்கு ஓட்டுநரும் நானும் வண்டியில் உட்கார்ந்திருக்கிறோம். "ஒரு வாய் காபி குடிச்சிட்டு வந்துடறோம்ப்பா" என்றார் அம்மா. காபி ஆம்லெட் வரிசையானது. ஆம்லெட்டுக்குப் பிறகு அறையைக் காலி செய்யலாம், பெட்டியை ஒரேயடியாக ஏற்றிவிடலாம் என்று யோசனை வந்தது. வண்டி நகர்ந்தபோது மணி எட்டே முக்கால். சிகரத்தின் ஒரு விளிம்பு தெரிந்தது, நாங்கள் சாலைக்கு வருவதற்குள் அதுவும் மூடிக்கொண்டது. யானைகள் சதுப்புக்கு நடுவே வெறும் முதுகுகளாகத் தெரிந்தன. ஆறு மணிக்கே போய்விட்டு வந்த பக்கத்து வண்டிக்காரர்கள் போனில் படம் காட்டினார்கள்: முப்பது யானைகள், பின்னால் முழு மலை. "விடுங்க, மாராவில் பார்த்துக்கலாம்" என்றார் அப்பா. மாராவில் கிளிமஞ்சாரோவை எங்கே போய்ப் பார்ப்பது! அதோடு அங்கே போகச் சாலையிலேயே ஒரு பகல் போய்விடும்.

எனக்கு எரிச்சல் அந்தக் குடும்பத்தின் மேல் இல்லை. பூங்காவின் நுழைவுச்சீட்டு 24 மணி நேரத்துக்குச் செல்லும். டாலரில் அவ்வளவு கொடுத்து வாங்கிய சீட்டில், விலையுள்ள இரண்டரை மணி நேரம் எது என்று அவர்களுக்கு யாருமே சொல்லவில்லை. நான்கு பூங்கா என்று போட்டால் விளம்பரத்தில் எடுப்பாக இருக்கும், அதனால் போடுகிறார்கள். நீங்கள் கொடுக்கும் பணத்தில் பாதி டீசலாகப் புழுதியில் போகிறது. ஐந்து இரவுதான் இருக்கிறதென்றால் ஒரு பூங்காவை முழுசாக வெட்டுங்கள். அம்போசெலிக்கு இரண்டு இரவு, முடிந்தால் மூன்று. காலை உணவைப் பொட்டலமாகக் கட்டித்தரச் சொல்லி முதல் நாள் இரவே விடுதியில் சொல்லிவிடுங்கள். அவித்த முட்டை, ரொட்டி, வாழைப்பழம் தருவார்கள். அதை நோமோடியோ குன்றின் மேல் உட்கார்ந்து சாப்பிடலாம். பூங்காவுக்குள் வண்டியைவிட்டு இறங்க அனுமதியுள்ள வெகு சில இடங்களில் அது ஒன்று, கீழே சதுப்பு முழுசாகத் தெரியும்.

இரண்டாவது காலை கையில் இருந்தால் மனசு நிதானமாகிவிடும். சதுப்போரம் இன்ஜினை அணைத்துவிட்டு ஒரே யானையை அரைமணி நேரம் பார்க்கலாம். கோரையை வேரோடு பிடுங்கும். உடனே வாயில் போடாது. முன்னங்காலில் இரண்டு தட்டு தட்டும், சேறு சிதறும், அப்புறம்தான் தின்னும். கரையேறும்போது வயிற்றுக்குக் கீழே ஈரக் கறுப்பு, மேலே வெளிறிய புழுதி, நடுவே கோடு போட்டதுபோல் தண்ணீர் மட்டம். காலடியில் உண்ணிக்கொக்குகள் பூச்சிக்காக ஓடிக்கொண்டிருக்கும்.

ரேடியோவுக்குப் பின்னால் ஓடுவது

ஓட்டுநரின் ரேடியோவில் "சிம்பா" (சுவாஹிலியில் சிங்கம்) என்று ஒரு சத்தம் வந்தால் போதும், வண்டியில் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். பத்து கிலோமீட்டர் குலுங்கிப் போய்ப் பார்த்தால் இருபது வேன்களுக்கு நடுவே ஒரு புதருக்குள் காது மட்டும் தெரியும். சிங்கம், சிறுத்தை, யானை, எருமை, காண்டாமிருகம் ஆகிய பெரிய ஐந்து விலங்குகள் என்று பட்டியல் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அம்போசெலியில் காண்டாமிருகம் இல்லை. சிறுத்தை தெரிவது அபூர்வம். பட்டியல் இங்கே நிறையாது. 400க்கும் மேற்பட்ட பறவை இனங்கள் பதிவான ஈரநிலத்தை விட்டுவிட்டு அந்தக் காதைப் பார்க்கத்தான் போக வேண்டுமா என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

"இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க"

இந்த வார்த்தையை வண்டியில் சொல்லாதீர்கள். தடத்தைவிட்டு இறங்கினால் அபராதம் உண்டு. சிக்கலில் மாட்டுவது நீங்கள் இல்லை, ஓட்டுநர். டிப்ஸ் போய்விடுமோ என்ற பயத்தில் அவர் மறுக்கவும் மாட்டார்.

யானைகள் சாலையைக் கடக்கும் இடத்தில், தாய்க்கும் கன்றுக்கும் நடுவே வண்டி நிற்கக் கூடாது. கன்னத்தில் மதநீர் வழிய, பின்னங்கால்கள் நனைந்து வரும் ஆண் யானையைக் கண்டால் வழியைவிட்டு விலகச் சொல்லுங்கள். ஆப்பிரிக்க யானைக்கும் மதம் பிடிக்கும் என்பதை இதே அம்போசெலியில் ஆராய்ந்துதான் யானை ஆராய்ச்சியாளர்கள் ஜாய்ஸ் பூலும் சிந்தியா மாஸும் 1981இல் எழுதினார்கள். அதுவரை அறிவியலில் அது சந்தேகமாகவே இருந்தது. மதயானையைச் சங்கப் பாட்டிலேயே பாடி வைத்த ஊரிலிருந்து போகிறவர்களுக்கு அடையாளம் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் கேமராவைக் கண்ணில் வைத்ததும் எல்லாம் மறந்துவிடுகிறது.

புழுதியில் லென்ஸ் மாற்றுவது

அம்போசெலிப் புழுதி திருநீறு மாதிரி, அவ்வளவு நைசு. இரண்டு கேமரா இருந்தால் இரண்டு லென்ஸ், ஒரு கேமரா என்றால் ஒரே லென்ஸ். மாற்றுவதெல்லாம் இரவு அறைக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

பிளாஸ்டிக் பை

கென்யாவில் 2017 முதல் தடை. ஒருமுறை பயன்படுத்தும் தண்ணீர் பாட்டிலுக்கும் 2020 முதல் தேசியப் பூங்காக்களில் இடமில்லை. முறுக்கையும் அதிரசத்தையும் டப்பாவில் போடுங்கள்.

ட்ரோன்

வேண்டாம்.

கேட்காமல் மசாய் மக்களைப் படம் எடுப்பது

கேளுங்கள். மாட்டேன் என்றால் விடுங்கள்.

மழையைக் கண்டு பயப்படுவது

ஏப்ரல், மே மாதப் பெருமழையில் போகாதீர்கள், சேற்றில் வண்டி சிக்கும். அது சரி. ஆனால் அதற்காக எல்லோரும் ஜூலையிலிருந்து அக்டோபருக்குள் போய் நெரிசலில் நிற்க வேண்டியதில்லை. அந்த மாதங்களில் யானைகள் சதுப்பைச் சுற்றிக் கூடுவது உண்மைதான், கூடவே புழுதி மண்டலமும் இருக்கும். நவம்பர் சிறுமழை காற்றைக் கழுவிவிட்டுப் போன பிறகு மலை இன்னும் துல்லியமாகத் தெரியும். வலசைப் பறவைகள் வந்திருக்கும். மழை நன்றாகப் பெய்திருந்தால் வறண்டு கிடக்கும் அம்போசெலி ஏரியில் தண்ணீர் தேங்கும், பூநாரைகளும் வரலாம். என்னைக் கேட்டால் ஜனவரி, பிப்ரவரி.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி

கென்யாவுக்குள் நுழையும்போது கேட்பார்களா என்றுதான் எல்லோரும் விசாரிக்கிறார்கள். நீங்கள் யோசிக்க வேண்டியது திரும்பி வரும்போது. மஞ்சள் காய்ச்சல் நாடுகளின் பட்டியலில் இந்தியா கென்யாவையும் வைத்திருக்கிறது. சான்றிதழ் அட்டை இல்லாமல் வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் அட்டை செல்லும், அதனால் கடைசி வாரத்தில் ஓடிப் பயனில்லை. சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பாஸ்போர்ட்டை எடுத்துக்கொண்டு போங்கள், அட்டையில் அந்த எண்ணைத்தான் எழுதுவார்கள்.