டோக்கன் இல்லை, லோடு இல்லை: ஒரே செய்தியில் ஆபீஸ் தகவல்தொடர்பு பழகுவோம்

ராமேஸ்வரம் பக்கத்து ஊரான மண்டபத்தில் ஒரு மீன் ஏற்றுமதி கம்பெனியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கொள்முதல் பிரிவு. வெள்ளிக்கிழமை மதியம். கடலில் பலத்த காற்று வீசும் என்று எச்சரிக்கை வந்துவிட்டது, நாளைக்கு டோக்கன் கிடையாது என்று மீன்துறை அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். டோக்கன் இல்லாமல் விசைப்படகு கடலுக்குப் போகக் கூடாது. மேனேஜர் போகிற போக்கில், “எல்லாருக்கும் சொல்லிருப்பா” என்று சொல்லிவிட்டுக் குளிர்அறைப் பக்கம் போய்விட்டார்.

எல்லாரும் என்றால் யார் யார்? சொல்லிரு என்றால் எப்படி? இந்த ஒரு வேலையை ஒழுங்காக முடித்தால், தகவல்தொடர்புத் திறன் வகுப்புகளில் மிரட்டுகிற சொற்களில் முக்கால்வாசி தானாகக் கைக்கு வந்துவிடும். வாங்க, படிப்படியாகப் போவோம்.

படி 1: மொபைலை எடுக்கும் முன் ஒரு வரி எழுதுங்கள்

பள்ளிக்கூடத்தில் விடுப்புக் கடிதம் எழுதியிருப்பீர்கள். அனுப்புநர், பெறுநர், பொருள். பாடத்தின் முதல் மூன்று சொற்கள் அங்கேயே வந்துவிட்டன. அனுப்புநர் நீங்கள், பெறுநர் எதிரே இருப்பவர், நடுவில் போவது செய்தி. நாம் பொதுவாகத் தடுமாறுவது அந்தப் பொருள் வரியில்தான். என்ன நடந்தது என்று எழுதுவோமே தவிர, அதனால் எதிராளிக்கு என்ன ஆகிறது என்பதை விட்டுவிடுவோம்.

“நாளை டோக்கன் இல்லை” என்பது நடந்த விஷயம். “ஞாயிற்றுக்கிழமை சரக்கு வராது” என்பது செய்தி. இரண்டாவதைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு வரி வரவில்லை என்றால், என்ன சொல்லப் போகிறோம் என்பது நமக்கே இன்னும் பிடிபடவில்லை.

படி 2: எல்லாரையும் பிரித்துப் போடுங்கள்

இதற்குப் பெயர் பெறுநர் ஆய்வு. பெரிய சொல், சின்ன வேலை. ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே, இந்தச் செய்தியைக் கேட்டதும் அவர் என்ன செய்ய வேண்டியிருக்கும் என்று எழுதுங்கள்.

சென்னையில் இருக்கும் வாங்குபவர் தன் ஆர்டரை மாற்ற வேண்டும். இது நிறுவனத்துக்கு வெளியே போகிற தகவல், அதனால் எழுத்தில் இருக்க வேண்டும். லாரி டிரைவர் அண்ணன் ஞாயிறு விடிகாலை வர வேண்டாம். அவருக்கு இந்த ஒரு வரி போதும், காற்றின் வேகமெல்லாம் தேவையில்லை. ஐஸ் கம்பெனியில் நாளைக்குச் சொல்லி வைத்த ஐஸை நிறுத்த வேண்டும். கணக்குப் பிரிவுக்குத் தெரிவிப்பது கிடைநிலைத் தகவல், அதாவது ஒரே மட்டத்தில் இருப்பவர்களுக்குள் போவது. கடைசியில் மேனேஜரிடம் “சொல்லியாச்சு சார், இன்னார் இன்ன பதில் சொன்னார்” என்று திரும்பச் சொல்வது மேல்நோக்கிய தகவல். புதிதாக வந்தவர்கள் விட்டுவிடுவது இதைத்தான்.

படகுச் சம்மாட்டிக்கு, அதாவது படகு முதலாளிக்கு, என்ன சொல்வது? ஒன்றும் வேண்டாம். டோக்கன் இல்லை என்பது உங்களுக்கு முன்னால் அவருக்குத் தெரியும். அவரிடம் கேட்க வேண்டியதுதான் இருக்கிறது: “அண்ணே, காற்று எப்போ அடங்கும்னு நினைக்கிறீங்க?” கீழக்கரைப் பக்கத்து முஸ்லிம் வியாபாரி என்றால் காக்கா என்று கூப்பிட்டுக் கேளுங்கள், அங்கே அண்ணனை அப்படித்தான் அழைப்பார்கள். அண்ணனையும் காக்காவையும் மெயிலுக்குள் கொண்டுவர முடியாது. போனில் அந்த ஒரு விளியை விட்டுவிட்டுப் பேசினால் விறைப்பாகத் தெரியும். யாரிடம், எந்த வழியில் பேசுகிறோம் என்பதைப் பார்த்துத் தொனியை மாற்றுவது இதுதான்.

படி 3: நமக்கு மட்டும் புரிகிற சொல்லைக் களையெடுங்கள்

1948-இல் கிளாட் ஷானன் என்ற அமெரிக்கக் கணிதவியலர் தகவல்தொடர்பைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பெல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தவர் அவர். அனுப்புநர், வழி, பெறுநர், நடுவில் குறுக்கிடும் இரைச்சல் என்று இன்றைக்கு எல்லாப் பாடப்புத்தகத்திலும் வருகிற படத்துக்கு அந்தக் கட்டுரையே மூலம். அவருடைய கவலை தொலைபேசி, தந்தி போன்றவற்றின் வழியே போகும் சமிக்ஞை பற்றியது. சொல்லின் பொருள் பற்றி அவர் அங்கே பேசவில்லை. ஆபீசில் நம்மைப் படுத்துவது வேறொரு இரைச்சல், பொருள் இரைச்சல். சொல் தெளிவாகக் காதில் விழும், அர்த்தம் வேறாகப் போய்ச் சேரும்.

நம் கடற்கரையிலேயே அதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ராமேஸ்வரம் விசைப்படகு பொதுவாகக் காலையில் போய் மறுநாள் காலையில் கரை சேரும். அதனால் சனிக்கிழமை படகு என்று நாம் சொல்வதன் சரக்கு ஞாயிற்றுக்கிழமைதான் கைக்கு வரும். இங்கே சின்னப் பையனுக்கும் இது தெரியும். சென்னைக்காரருக்குத் தெரிய வேண்டிய அவசியமே இல்லை. “சனிக்கிழமை இல்லை சார்” என்று நீங்கள் சொன்னால், சரி, ஞாயிற்றுக்கிழமை வந்துவிடும் என்று அவர் நிம்மதியாக இருப்பார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, ஞாயிறு காலை இரண்டு பேருமே திட்டு வாங்குவார்கள். இருவருக்கும் பொதுவான அனுபவப் பரப்பு இருக்கும் அளவுக்குத்தான் செய்தி போய்ச் சேரும் என்று 1954-இல் தகவல்தொடர்பு ஆய்வாளர் வில்பர் ஷ்ராம் சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும்.

கவுண்ட் என்ற சொல்லும் இந்த ரகம்தான். 40 கவுண்ட் என்றால் கிலோவுக்கு 40 இறால். எண் கூடக் கூட இறால் சிறுத்துக்கொண்டே போகும். தொழிலுக்குப் புதியவரிடம் “கவுண்ட் கூடிருச்சு” என்றால் பெரிய இறால் வந்திருக்கிறது என்று மகிழ்ந்துபோவார். துறைச்சொல்லைத் துறைக்குள் தாராளமாகப் பேசலாம், வெளியே போகும்போது மட்டும் விரித்து எழுதுங்கள். இன்னொன்று: சனி இரவு 12 மணி என்று யாருக்கும் எழுதாதீர்கள். எந்த இரவு என்று சண்டை வரும். “ஞாயிறு அதிகாலை 12.30” என்றால் குழப்பமில்லை.

படி 4: எந்த வழி?

போன், வாட்ஸ்அப், மெயில், நேரில். அவசரமும் கேள்வியும் இருந்தால் போன். தேதி, எண்ணிக்கை, விலை இருந்தால் எழுத்து. இரண்டும் இருந்தால் முதலில் போன், உடனே எழுத்து. வாய்ஸ் நோட் அனுப்புவது அனுப்புகிறவருக்குத்தான் சௌகரியம். ஏலக்கூடத்துச் சத்தத்தில் நிற்பவருக்கு அது ஒரு தொல்லை, மூன்று நாள் கழித்துத் தேடினால் அதில் விலையைக் கண்டுபிடிக்கவும் முடியாது.

படி 5: இப்போது எழுதுங்கள்

பலருடைய மெயில் “மேற்கண்ட பொருள் தொடர்பாகத் தங்களின் மேலான கவனத்திற்கு” என்று தொடங்கி, “ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்” என்று முடியும். ஆவன என்றால் எதை? படிப்பவர் அதை யூகிக்க வேண்டும். பதிலாக இப்படி எழுதிப் பாருங்கள்:

“பொருள்: 9-ஆம் தேதி ஞாயிறு நண்டு, இறால் சரக்கு இல்லை

வணக்கம் சார்,

9-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மண்டபத்திலிருந்து சரக்கு வராது. பலத்த காற்று எச்சரிக்கையால் 8-ஆம் தேதி சனிக்கிழமை கடலுக்குப் போக விசைப்படகுகளுக்கு டோக்கன் தரப்படவில்லை.

குளிர்அறையில் 180 கிலோ நண்டு இருக்கிறது. வேண்டுமானால் இன்று மாலை 6 மணிக்குள் சொல்லுங்கள், இன்றிரவே ஏற்றிவிடுகிறோம். டோக்கன் மறுபடி தொடங்கியதும் எழுதுகிறேன்.”

விளைவு முதலில், காரணம் அடுத்து, மாற்று ஏற்பாடு, கெடு. “தவிர்க்க முடியாத காரணங்களால்” என்ற சொற்றொடருக்கு இங்கே இடமே இல்லை, காரணத்தைச் சொல்ல முடிகிறபோது அது எதற்கு? வருத்தம் தெரிவிக்க வேண்டுமா என்றால், என் கருத்தில் காற்றுக்காக நீங்கள் மன்னிப்புக் கேட்க வேண்டாம். தாமதமாகச் சொன்னால் அதற்குக் கேளுங்கள்.

மெயிலில் நகல் போகிற சிசியில் யாரைப் போடுவது? தெரிந்துகொள்ள வேண்டியவரை மட்டும். ஏதாவது செய்ய வேண்டியவர் பெறுநர் இடத்தில் இருக்க வேண்டும். சிசியில் இருப்பவர் தனக்கு வேலை இருக்கிறது என்று நினைக்கவே மாட்டார்.

படி 6: பதில் வரும்வரை வேலை முடியவில்லை

மெயிலுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு கட்டைவிரல் வருகிறது. என்ன அர்த்தம்? பார்த்தேன் என்றா, புரிந்தது என்றா, 180 கிலோவை அனுப்பு என்றா?

படகில் இருக்கும் விஎச்எஃப் ரேடியோக்காரர்கள் இதை எப்போதோ தீர்த்துவிட்டார்கள். அதில் ஒருவர் பேசும்போது மற்றவர் பேச முடியாது, அதனால் ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் வைத்திருக்கிறார்கள். ‘ரோஜர்’ என்றால் நீங்கள் சொன்னது முழுசாகக் கிடைத்தது, அவ்வளவுதான், சம்மதம் இல்லை. ‘வில்கோ’ என்றால் சொன்னபடி செய்கிறேன். ‘ஓவர்’ என்றால் நான் முடித்தேன், உங்கள் பதிலுக்குக் காத்திருக்கிறேன். ‘அவுட்’ என்றால் பேச்சு முடிந்தது, பதில் வேண்டாம். சினிமாவில் ஸ்டைலாக “ஓவர் அண்ட் அவுட்” என்பார்களே, பதில் சொல்லு, சொல்லாதே என்று ஒரே மூச்சில் சொல்கிற கூத்து அது.

பதில் திரும்பி வருவதைப் பின்னூட்டம் என்கிறோம், ஆபீஸ் பேச்சில் ஃபீட்பேக். கேட்டவர் தான் புரிந்துகொண்டதைத் திருப்பிச் சொல்லி, நீங்கள் ஆமாம் என்றால் வட்டம் முழுமையாகும். டிரைவர் அண்ணன் “சரி தம்பி” என்றதோடு போனை வைக்காதீர்கள். “அப்போ அண்ணே, அடுத்து எப்போ வண்டி எடுப்பீங்க?” என்று கேளுங்கள். “நீ போன் பண்ணுனதும்” என்றால் புரிந்திருக்கிறது. “நாளான்னிக்குக் காலையில” என்றால் போச்சு, முதலிலிருந்து சொல்லுங்கள். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள், அதனால் அந்தக் கேள்வியில் பிரயோசனமில்லை.

பதிலே வராவிட்டால்? பாம்பன் துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகளைத் தெரியும் அல்லவா, 1 முதல் 11 வரை. பத்து வரைக்கும் வானிலையின் கடுமை. 11-ஆம் எண் வேறு மாதிரி: வானிலை மையத்துடன் தொடர்பு அறுந்துவிட்டது, நிலைமை மோசமாகும் என்று துறைமுக அதிகாரி கருதுகிறார் என்று பொருள். தகவல் வரவில்லை என்பதற்கே ஒரு கூண்டு ஒதுக்கி, அதைப் பட்டியலின் உச்சியில் வைத்திருக்கிறார்கள். ஆபீசிலும் பதில் இல்லாததைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 6 மணிக் கெடு என்றால் 5 மணிக்கு ஒரு போன் போடுங்கள். அவர் எடுக்கவில்லை என்றால், “பதில் கிடைக்கவில்லை, அதனால் நண்டை ஏற்றவில்லை” என்று எழுதி அனுப்பிவிட்டு மேனேஜரிடமும் சொல்லிவிடுங்கள்.

படி 7: எதிராளி கத்தும்போது

வாங்குபவர் போனில் கொதிக்கலாம். குறுக்கே பேசாதீர்கள். அவர் முடித்ததும், “ஞாயிறு ஆர்டருக்கு உங்களுக்கு 300 கிலோ தேவை, எங்களிடம் 180தான் இருக்கிறது, மீதிக்கு என்ன வழி என்பதுதானே சார்?” என்று அவர் பிரச்சினையை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லுங்கள். செயலூக்கமான செவிமடுத்தல் என்று பாடத்தில் வருவது இதுதான். தலையாட்டுவதும் ‘ம்’ கொட்டுவதும் அதில் கால்வாசிகூட இல்லை.

உடல்மொழி பற்றிக் கேட்பீர்கள். தகவல்தொடர்பில் 93 சதவீதம் வார்த்தை அல்லாதது என்று பயிற்சி வகுப்புகளில் சொல்வதை நம்ப வேண்டாம். உளவியலாளர் ஆல்பர்ட் மெஹ்ராபியன் 1967-இல் வெளியிட்ட சோதனைகள், ஒருவர் தன் உணர்வையோ விருப்பு வெறுப்பையோ காட்டும்போது வார்த்தையும் குரலும் முகமும் முரண்பட்டால் எதை நம்புவோம் என்பதைப் பற்றியவை. 180 கிலோ என்பதை எந்த முகபாவத்தாலும் சொல்ல முடியாது.

பயிற்சி: மேலே உள்ள மெயிலை ஐஸ் கம்பெனிக்காரருக்கு வாட்ஸ்அப்பில் இரண்டே வரியில் மாற்றி எழுதுங்கள். அவர் என்ன செய்ய வேண்டும், எப்போதுக்குள் என்பது இருக்கட்டும், நண்டைப் பற்றி ஒரு சொல்லும் வேண்டாம். எழுதி முடித்ததும் மீன் தொழிலே தெரியாத ஒரு நண்பரிடம் காட்டி, இதைப் படித்தால் நீ என்ன செய்வாய் என்று கேளுங்கள்.