பழைய தாள் எங்கே?

போன மாதம் காரைக்குடிப் பக்கம் ஒரு பலகாரக் கூடத்துக்குப் போயிருந்தேன். பொறுப்பில் இருந்த தம்பி பெருமையாகக் கோப்பைத் திறந்து காட்டினார். தேன்குழல் செய்முறைத் தாள், ரிவிஷன் 4 (அதாவது நாலாவது திருத்தம்), தேதி, இரண்டு கையெழுத்து, எல்லாம் கச்சிதம். "சரி தம்பி, மூணாம் நம்பர் தாள் எங்கே?" என்றேன். "அது பழசு சார், இங்கதான் எங்கயாவது கிடக்கும்" என்றார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. இதே பதிலை நானும் ஒரு காலத்தில் சொன்னவன்தான்.

பலகாரக் கூடத்தில் ஆவணங்களை வைத்துக்கொள்வதில் நடக்கும் பெரிய தவறுகளைப் பற்றித்தான் இது. தேதி போட மறப்பது, பக்க எண் விடுவது மாதிரிச் சில்லறைத் தவறுகளை இங்கே எழுதவில்லை. ஒரு தணிக்கையில் வாங்கிக் கட்டிக்கொண்டால் தானாகச் சரியாகிவிடும்.

பழைய தாளை வாங்காமல் புதுத் தாளைக் கொடுப்பது

அப்போது நான் வேலை பார்த்தது ஒரு பழைய பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில், அதாவது உள்முற்றப் பகுதியில். தேன்குழல் மாவில் வெண்ணெய் போட்டுத்தான் பிசைவோம். வெளிநாட்டுக்கு வாங்குகிறவர் பால் சேராத சரக்கு கேட்டார். வெண்ணெய்க்குப் பதில் சூடான எண்ணெய் ஊற்றிப் பிசைந்து பார்த்தோம், நன்றாகவே வந்தது. செய்முறைத் தாளை மாற்றினேன், லேபிளில் 'பால் உள்ளது' என்ற வரியையும் எடுத்தாயிற்று. பால் என்பது லேபிளில் கட்டாயம் சொல்ல வேண்டிய ஒவ்வாமைப் பொருள், 2020ஆம் ஆண்டு லேபிள் விதிகளிலேயே இருக்கிறது. ஆகவே இந்த மாற்றத்தில் விளையாட முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கோட்டை விட்டேன்.

என் பட்டியல்படி மூன்று இடத்தில் தாள் இருந்தது: அலுவலகம், எடை போடும் அறை, சூப்பர்வைசர் கோப்பு. மூன்றையும் மாற்றினேன். நாலாவது ஒன்று இருந்தது எனக்குத் தெரியாது. மாவு பிசையும் அக்கா, எடை அறைக்கு நடக்க அலுத்துப்போய், தாளை ஜெராக்ஸ் எடுத்து பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டியிருந்தார். எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மஞ்சளாகிப் போன தாள். தீபாவளி நெருக்கத்தில் இரவு ஷிப்ட் ஓடியது, அந்தத் தாளைப் பார்த்து வெண்ணெய் விழுந்தது.

மூன்றாம் நாள் ஸ்டோர்காரர்தான் கேட்டார், "தேன்குழலுக்கு வெண்ணெய் நிறுத்தியாச்சுன்னீங்க, ராத்திரி வாங்கிட்டுப் போறாங்களே?" ஓடிப்போய்க் கேட்டால், "நீங்க எழுதிக் கொடுத்த தாளப் பாத்துத்தான் தம்பி போட்டேன்" என்கிறார் அக்கா. நியாயம்தானே, என் கையெழுத்துத்தான் அதில் இருந்தது.

இன்னமும் எரிச்சல் தருவது இதற்கு அப்புறம் நடந்தது. பகல் ஷிப்ட் புதுத் தாள்படிதான் செய்திருந்தார்கள், அந்தச் சரக்கு சுத்தம். ஆனால் பேட்ச் ஷீட்டில் (ஒவ்வொரு தடவை செய்யும் சரக்குக்கும் எழுதும் தாள்) எந்த ரிவிஷன்படி செய்தது என்று எழுத ஒரு கட்டம்கூட நான் வைக்கவில்லை, ஸ்டோர் பதிவேட்டிலும் வெண்ணெய் எந்த பேட்சுக்குப் போனது என்று இல்லை. எந்த டின்னில் பால் இருக்கிறது, எதில் இல்லை என்று பிரிக்க வழியில்லாமல், நல்லதும் சேர்த்து மொத்தச் சரக்கையும் நிறுத்தினோம். டின் ஏற வேண்டிய லாரி வாசலில் நின்று, வெறும் லாரியாகத் திரும்பியது.

அதிலிருந்து நான் கேஸ் சிலிண்டர் கணக்குத்தான் பார்ப்பேன். காலி வந்தால்தான் நிறை. பழைய தாள் என் கைக்கு வராமல் புதுத் தாள் போகாது. ஒவ்வொரு பிரதியிலும் சிவப்பு முத்திரை, பிரதி எண். கறுப்பு முத்திரை தெரிந்தால் ஜெராக்ஸ் என்று அர்த்தம், கிழித்துவிடுவேன். திரும்பி வந்தவற்றில் ஒன்றுக்கு மட்டும் 'காலாவதி' முத்திரை குத்தித் தனிக் கோப்பில், மற்றவை கிழிபடும். பேட்ச் ஷீட்டில் தலைப்புக்குக் கீழேயே ரிவிஷன் எண்.

புதுத் தாள் கொடுத்த மறுநாள் ஒரு சுற்று நடந்து பாருங்கள், கதவுக்குப் பின்னால், தராசுக்கு அடியில், அலமாரிக் கதவின் உள்பக்கம். செல்போனில் படம் எடுத்து வைத்திருப்பவர்களையும் கேளுங்கள். திட்டினால் மறைப்பார்கள். அக்கா ஜெராக்ஸ் எடுத்ததற்குக் காரணம் பிசையும் இடத்தில் தாள் இல்லாதது. அதை அங்கேயே மாட்டிய பிறகு ஜெராக்ஸ் நின்றது.

ஆவணத்தையும் பதிவேட்டையும் ஒன்றாகப் பார்ப்பது

செய்முறைத் தாள் மாறலாம், மாற வேண்டும். நேற்றைய எண்ணெய்ச் சூட்டுப் பதிவு மாறவே கூடாது. உணவுப் பாதுகாப்புக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 22000-இன் 2018 பதிப்பில் இரண்டையும் 7.5ஆம் பிரிவில் ஒரே பெயருக்குள் கொண்டுவந்தார்கள். அதைப் படித்துவிட்டு வரும் புதியவர்கள் பதிவேட்டையும் 'அப்டேட்' செய்கிறார்கள்.

வெள்ளை மை

பதிவேட்டில் தவறை மறைக்க இதை வாங்காதீர்கள். தவறான எண்ணின் மேல் ஒரே கோடு, அதற்கு மேலே சரியான எண், பக்கத்தில் சுருக்கொப்பமும் தேதியும். பேரேட்டில் அடித்தல் திருத்தம் தெரிய வேண்டும் என்று கணக்குப் பழகப் பெட்டியடியில் உட்கார்ந்த பையனுக்கே இந்த ஊரில் சொல்லிக்கொடுத்தார்கள்.

இரவல் கையேடு

முறுக்கு சுடும் கூடத்தின் கையேட்டில் 'இறைச்சிக் குளிர்அறை' வெப்பநிலை இருந்தது. கேட்டால், நண்பர் கொடுத்ததாம்.

மாற்றத்துக்குக் காரணம் எழுதாமல் விடுவது

ரிவிஷன் பட்டியலில் 'சிறு மாற்றம்' என்று எழுதி வைப்பதால் யாருக்கு என்ன பயன்? 'வெண்ணெய் நீக்கம், பால் இல்லாத லேபிளுக்காக' என்று அரை வரி போதும். இரண்டு வருடம் கழித்து வரும் ஆள், சுவை குறைகிறதே என்று வெண்ணெயைத் திரும்பச் சேர்க்க மாட்டார்.

பதிவேடுகளை எத்தனை நாள் வைப்பது

இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2011 உரிம விதிகளில், 4ஆம் அட்டவணைப்படி, ஒரு வருடம் அல்லது பொருளின் ஆயுட்காலம், எது அதிகமோ அது. பலகாரத்துக்குப் பெரும்பாலும் ஒரு வருடம்தான் வரும், ஏற்றுமதி இருந்தால் வாங்குகிறவர் கூடுதலாகக் கேட்பார். எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் பாருங்கள். நான் சாக்கில் கட்டி இரண்டாங்கட்டு மூலையில் போட்டிருந்தேன். தணிக்கைக்கு எடுக்கப் போனால் சாக்கு முழுக்கக் கரையான் மண், நடுவில் ஆடி மாதத்துப் பக்கம் ஒன்று மட்டும் முழுசாக இருந்தது.