தூணடியில் தேன்கூடு விழாமல் இருக்க: கட்டுமானப் பணியாளர் பயிற்சியை வடிவமைப்பது எப்படி?

கான்கிரீட்டுக்கு அச்சாக நின்ற பலகையைக் கழற்றியதும் தூணின் அடியில் ஜல்லி பல்லிளித்துக்கொண்டு நின்றது. கலவை நிரம்பாமல் இப்படி ஓட்டை ஓட்டையாக நிற்பதைத்தான் தேன்கூடு என்கிறோம். 4 நாளுக்கு முன்புதான் அதே குழுவுக்குக் கான்கிரீட் போடுவது பற்றி 2 மணி நேரம் வகுப்பு எடுத்திருந்தேன். திரையில் படங்கள் காட்டினேன், கேள்வி பதில் நடந்தது, கடைசியில் எல்லோரும் வருகைப் பதிவில் கையெழுத்தும் போட்டார்கள். கான்கிரீட்டை அதிர வைத்துக் காற்றை வெளியேற்றும் கருவியான வைப்ரேட்டரைப் பிடித்தவரைத் தனியாக அழைத்துக் கேட்டேன். "படத்துல பார்த்தேன் சார். எவ்வளவு நேரம் உள்ள வச்சிருக்கணும், எப்படி இழுக்கணும்னு கையில பிடிச்சுப் பார்க்கலையே" என்றார்.

அவர் சொன்னது முழுக்க நியாயம். அன்றிலிருந்து பயிற்சியை வேறு வகையில் அமைக்கிறேன். முதல்முறையாகப் பயிற்சி நடத்தப்போகும் சைட் இன்ஜினியர்களும் மேற்பார்வையாளர்களும் அப்படியே எடுத்துச் செய்யும்படி அதைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: குறை நோட்டு ஒன்று போடுங்கள்

பயிற்சி என்றதும் பலரும் தலைப்புகளைப் பட்டியலிடுவார்கள்: கான்கிரீட், கட்டு வேலை, பூச்சு வேலை, பாதுகாப்பு. அந்தப் பட்டியல் எந்தத் தளத்துக்கும் பொருந்தும் என்பதாலேயே உங்கள் தளத்துக்குப் பயன்படாது. உங்கள் தளத்தில் எதை உடைத்துத் திரும்பச் செய்தீர்கள் என்பதிலிருந்து தொடங்குங்கள்.

ஒரு நோட்டில் 30 நாள் தொடர்ந்து எழுதுங்கள். என்ன குறை, எந்த இடம், வேலையின் எந்தக் கட்டத்தில் வந்தது, சரிசெய்ய எத்தனை ஆள்நாள் (ஓர் ஆளின் ஒரு நாள் வேலை) போனது. இந்த 4 விவரம் போதும். யார் செய்தது என்று மட்டும் எழுதாதீர்கள். பெயர் எழுதும் நோட்டு என்று தெரிந்துவிட்டால், நீங்கள் வருவதற்குள் தேன்கூட்டின் மேல் கலவையைப் பூசி மூடிவிடுவார்கள். உள்ளே வெற்றிடம் அப்படியே இருக்கும், உங்களுக்கும் தெரியாது. திறந்து கிடக்கும் குறையைவிட மூடிய குறை ஆபத்தானது.

மாத முடிவில் 2 குறைகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒன்று, அதிக ஆள்நாளை விழுங்கியது. மற்றொன்று, இன்று கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் கட்டடத்தின் ஆயுளைக் குறைப்பது. கம்பிக்கும் பலகைக்கும் நடுவே இடைவெளி காக்கும் சிறு கட்டையான கவர் பிளாக்கை வைக்காமல் விடுவது இந்த இரண்டாவது வகை. கான்கிரீட் போட்ட அன்று எந்த வித்தியாசமும் தெரியாது. பல ஆண்டுகள் கழித்து ஈரமும் காற்றும் கம்பியை எட்டும்போது துரு பிடிக்கும். துருவுக்குக் கம்பியைவிட அதிக இடம் தேவை என்பதால், அது உள்ளிருந்து தள்ளிக் கான்கிரீட்டைப் பெயர்த்துவிடும். அந்த நாளில் கம்பி கட்டியவரும் இருக்கமாட்டார், நீங்களும் இருக்கமாட்டீர்கள்.

படி 2: இது பயிற்சியால் தீருகிற குறையா?

இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள்தான் அதிகம். அதனால்தான் நிறையப் பயிற்சிகள் வீணாகின்றன.

தேர்ந்தெடுத்த குறை ஒவ்வொன்றுக்கும் இப்படி யோசித்துப் பாருங்கள். நல்ல கருவி, தேவையான நேரம், சரியான பொருள் மூன்றையும் கொடுத்துப் பக்கத்தில் நின்றால் இவர் சரியாகச் செய்வாரா? செய்வார் என்றால் அவருக்கு வேலை தெரியும். தடை வேறெங்கோ இருக்கிறது. கவர் பிளாக் தளத்துக்கு வந்தே சேரவில்லை என்றால், அதன் அவசியத்தைப் பற்றி எத்தனை வகுப்பு எடுத்தும் பயனில்லை. சதுர அடிக் கணக்கில் கூலி வாங்கும் பூச்சுக் குழுவிடம் "நிதானமாகச் செய்யுங்கள்" என்று சொல்வதும் அப்படித்தான். கூலிக் கணக்கு வேகமாகச் செய் என்கிறது, நீங்கள் மெதுவாகச் செய் என்கிறீர்கள்.

எங்கள் தூண் விஷயத்தில் இரண்டும் கலந்திருந்தது. வைப்ரேட்டர் பிடிக்கும் முறை அவருக்குத் தெரியவில்லை. அதற்குப் பயிற்சி தேவைப்பட்டது. பலகைக்கும் தளத்துக்கும் நடுவே இருந்த இடுக்கை அடைக்க யாருக்கும் பொறுப்பு கொடுக்கப்படவில்லை. அது நிர்வாகம் சரிசெய்ய வேண்டியது. முதலில் நிர்வாகப் பக்கத்தைச் சரிசெய்யுங்கள். பணியாளர்கள் அதைக் கவனிப்பார்கள். பழி தங்கள் மேல் மட்டும் விழவில்லை என்று தெரிந்தால் பயிற்சிக்கு மனமுவந்து வருவார்கள்.

படி 3: இலக்கை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"தரம் பற்றிய விழிப்புணர்வு பெறுவார்" என்பது இலக்கு ஆகாது. அளந்து பார்க்கக்கூடியதை எழுதுங்கள்: "பயிற்சி முடிந்தவர் போடும் தூணில், பலகை கழற்றிய பின் ஜல்லி வெளியே தெரியும் இடம் ஒன்றுகூட இருக்காது." கட்டு வேலைக்கு என்றால், "தூக்குக்குண்டு வைத்துப் பார்த்தால் சுவரின் சாய்வு அனுமதித்த அளவுக்குள் இருக்கும்." அந்த அளவு எத்தனை மில்லிமீட்டர் என்பதை உங்கள் வேலைக்கான ஒப்பந்த ஆவணத்திலிருந்தும் அதில் குறிப்பிட்ட தரநிலையிலிருந்தும் எடுங்கள், ஞாபகத்திலிருந்து எழுதாதீர்கள்.

படி 4: வேலையைச் சிறு சிறு செயல்களாகப் பிரியுங்கள்

இருப்பதிலேயே அதிக நேரம் எடுப்பது இந்தப் படி. எடுக்கட்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் அனுபவமில்லாத லட்சக்கணக்கானவர்களைக் குறுகிய காலத்தில் தொழிற்சாலை வேலைக்குப் பழக்க வேண்டியிருந்தது. அதற்கு உருவான திட்டத்தின் பெயர் 'ட்ரெயினிங் வித்இன் இண்டஸ்ட்ரி'. போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகளும் அதை எடுத்துக்கொண்டன. அதில் வேலையைப் பிரித்து எழுத ஒரு தாள் இருக்கும்: என்ன செய்ய வேண்டும், அதில் எதைக் கவனிக்க வேண்டும். அந்தக் கவனிப்பு ஏன் என்பதையும் சேர்த்து எழுதுவது வழக்கம். கட்டுமானத்துக்கு இதைவிடப் பொருத்தமான முறையை நான் பார்த்ததில்லை.

தூணில் வைப்ரேட்டர் போடும் வேலைக்கு நான் எழுதிய தாள் இது:

- அடி இடுக்கைப் பார்: பலகை தளத்தைத் தொடும் இடத்தில் இடைவெளி இருக்கக் கூடாது. ஏன்? சிமெண்ட் பால் அந்த வழியே ஒழுகிவிட்டால் ஜல்லி மட்டும் மிஞ்சும். தேன்கூடு பெரும்பாலும் அடியில் வருவதற்கு இது முக்கியமான காரணம்.
- அடுக்கு அடுக்காகக் கொட்டு: ஓர் அடுக்கு 45 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. ஏன்? அதற்கு மேல் போனால் அடியில் சிக்கிய காற்று மேலே வர வழியில்லை.
- நீடிலை (வைப்ரேட்டரின் அதிரும் முனையை) செங்குத்தாக, வேகமாக இறக்கு: கீழ் அடுக்குக்குள்ளும் 10 முதல் 15 செ.மீ. வரை போக வேண்டும். ஏன்? மெதுவாக இறக்கினால் மேற்பகுதி முதலில் இறுகிக் கீழே உள்ள காற்றை அடைத்துவிடும். கீழ் அடுக்கைத் தொடாவிட்டால் இரண்டும் ஒட்டாது.
- காத்திரு: பெரும்பாலும் 5 முதல் 15 வினாடி. குமிழி வருவது நின்று மேற்பரப்பு பளபளத்தால் போதும். ஏன்? குறைந்தால் காற்று தங்கும். அளவுக்கு மீறினால் ஜல்லி அடியிலும் நீர் மேலேயும் பிரிந்துவிடும்.
- மெதுவாக இழு: வினாடிக்கு 7, 8 செ.மீ. ஏன்? வேகமாக உருவினால் நீடில் இருந்த இடம் குழியாகவே நின்றுவிடும்.

இறக்குவது வேகம், எடுப்பது மெதுவாக. அன்று வைப்ரேட்டர் பிடித்தவர் இதைத்தான் தலைகீழாகச் செய்திருந்தார்.

"ஏன்" என்பதை இடம் போதவில்லை என்று வெட்டிவிடாதீர்கள். காரணம் தெரிந்தவருக்குச் சூழ்நிலை மாறும்போது தானாகவே முடிவெடுக்க வரும். கம்பி நெருக்கமாக இருந்து நீடில் இறங்கவில்லை என்றால், தாளை மனப்பாடம் செய்தவர் விட்டுவிட்டுப் போவார். காரணம் தெரிந்தவர் வேலையை நிறுத்தி உங்களை அழைப்பார்.

இந்தத் தாளை நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டாம். தளத்தில் கைத்திறன் மிக்க ஒருவர் வேலை செய்வதை அருகில் நின்று பார்த்து, அவரிடமே கேட்டு எழுதுங்கள். நாற்பது வயதைத் தாண்டிய கொத்தனாரின் கைக்குத் தெரிந்ததில் பாதிகூட எந்தக் கையேட்டிலும் இருக்காது.

படி 5: தவறு செய்து பார்க்க ஓர் இடம் ஒதுக்குங்கள்

உண்மையான தூணில் பழகக் கூடாது. ஓர் ஓரத்தில், கட்டடத்தோடு தொடர்பில்லாத இடத்தில் 1 மீட்டர் உயரத்துக்கு 2 சிறிய தூண்கள் போடுங்கள். ஒன்றைத் தாளில் உள்ளபடியும், மற்றொன்றை வேண்டுமென்றே தவறாகவும்: இடுக்கை அடைக்காமல், நீடிலை வேகமாக உருவி. மறுநாள் எல்லோரையும் கூட்டி, அவர்கள் கையாலேயே பலகையைக் கழற்றச் சொல்லுங்கள். நீங்கள் எதுவும் பேச வேண்டியிருக்காது.

"கலவை கெட்டியா இருக்கு, கொஞ்சம் தண்ணி விடு" என்ற பழக்கத்துக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம் கூடக் கூட வலிமை குறையும் என்பதை அமெரிக்கக் கான்கிரீட் ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918இல் வெளியிட்டார். இதை வாயால் சொல்வதைவிடச் செய்து காட்டுங்கள். காய்ந்த மணலும் ஜல்லியும் ஒரே அளவில் எடுத்து 2 கலவை போடுங்கள். ஒன்றில் 5 கிலோ சிமெண்டுக்கு 2.5 லிட்டர் தண்ணீர், மற்றொன்றில் 3 லிட்டர். விகிதம் 0.5இலிருந்து 0.6 ஆகிவிட்டது. வித்தியாசம் அரை லிட்டர், ஒரு சிறு பாட்டில்! ஒவ்வொன்றிலும் 150 மி.மீ. கனசதுரக் கட்டைகள் 3 வார்த்து, அடையாளம் எழுதி, தண்ணீரில் ஊறப்போடுங்கள். 28ஆம் நாள் வலிமை பார்க்க இயந்திரத்தில் நசுக்கும்போது கலவை போட்டவர்களையே இயந்திரத்தின் பக்கத்தில் நிற்க வையுங்கள். வரும் எண்களை அவர்கள் கையால் சுவரில் எழுதச் சொல்லுங்கள்.

ஈரக் கலவை தோலைப் புண்ணாக்கும். பயிற்சிதானே என்று கையுறையையும் பூட்ஸையும் விட்டுவிடாதீர்கள்.

படி 6: நடத்தும் விதம்

காலையில் வேலை தொடங்கும் முன், 30 நிமிடம், 5 அல்லது 6 பேர். அதற்கு மேல் ஆள் சேர்ந்தால் பின்வரிசை வேடிக்கை பார்க்கும். இந்த நேரத்துக்கும் கூலி உண்டு என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். சாப்பாட்டு வேளையைத் திருடி நடத்தும் பயிற்சியில் யாருடைய மனமும் இருக்காது.

நான் பின்பற்றும் வரிசை இது. முதலில் பயிற்சி பெறுபவருக்கு ஏற்கெனவே எவ்வளவு தெரியும் என்று கேளுங்கள். பிறகு நீங்கள் ஒருமுறை பேசாமல் செய்து காட்டுங்கள், அடுத்த முறை காரணம் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். அதன்பின் கருவியை அவர் கையில் கொடுங்கள். அவர் செய்யும்போது ஒவ்வொரு செயலுக்கும் "இது எதுக்கு?" என்று கேளுங்கள். பதில் தடுமாறினால் திட்டாமல் மறுபடி காட்டுங்கள். கை சரியாக ஓடியும் வாய் காரணம் சொல்லவில்லை என்றால் பயிற்சி இன்னும் முடியவில்லை.

குழுவில் வேறு மொழி பேசுபவர்கள் இருந்தால் தாளில் எழுத்தைக் குறைத்து, சரி தவறு இரண்டையும் உங்கள் தளத்திலேயே எடுத்த புகைப்படங்களாகப் போடுங்கள். முடிந்தவரை அவர்கள் மொழி பேசும் பணியாளர் ஒருவரையே பயிற்சி தரச் சொல்லுங்கள்.

படி 7: மேஸ்திரியை விட்டுவிடாதீர்கள்

கீழே உள்ளவர்களுக்கு மட்டும் பயிற்சி கொடுத்தால் ஒரே வாரத்தில் எல்லாம் பழையபடி ஆகிவிடும். வைப்ரேட்டரை மெதுவாக இழுப்பவரைப் பார்த்து "என்னய்யா தூங்குறே" என்று மேஸ்திரி ஒரு குரல் கொடுத்தால் போதும், உங்கள் உழைப்பு அத்தனையும் போயிற்று. அதனால் மேஸ்திரிக்கும் மேற்பார்வையாளருக்கும் முதலில் நடத்துங்கள். எந்த இடத்தில் வேலையை நிறுத்திப் பார்க்க வேண்டும் என்பதையும் அவர்களோடு பேசி முடிவு செய்யுங்கள். தூணுக்கு இரண்டு இடம்: பலகை மூடும் முன் கம்பியும் கவர் பிளாக்கும், கொட்டும் முன் அடி இடுக்கு. இரண்டையும் பார்த்து மேஸ்திரி ஒப்புக்கொள்ளாமல் கான்கிரீட் வண்டியைக் கூப்பிடக் கூடாது.

படி 8: பலன் கிடைத்ததா என்று பாருங்கள்

பயிற்சியின் பலனை மதிப்பிட அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதத் தொடங்கிய முறை இன்றும் கைகொடுக்கிறது. பயிற்சி பிடித்ததா, கற்றுக்கொண்டார்களா, வேலையில் அப்படிச் செய்கிறார்களா, விளைவு மாறியதா என்று 4 நிலைகளில் பார்ப்பது அது. நம்மில் பலர் முதல் நிலையிலேயே, ஒரு கருத்துப் படிவத்தோடு, நின்றுவிடுகிறோம். கட்டுமானத்தில் மூன்றாவதும் நான்காவதும்தான் பேசும். மூன்றாவதுக்கு, பயிற்சி முடிந்து ஒரு வாரம் கழித்து முன்னறிவிப்பில்லாமல் போய், தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தூண் முழுவதும் நின்று பாருங்கள். நான்காவதுக்குக் குறை நோட்டு இருக்கிறது. அடுத்த 30 நாளும் அதே முறையில் எழுதி, ஆள்நாள் கணக்கை முன்பு எழுதியதோடு ஒப்பிடுங்கள்.

ஒரு வாரம் கழித்து 10 நிமிடம், ஒரு மாதம் கழித்து இன்னொரு 10 நிமிடம் மறுபடி செய்ய வையுங்கள். திரும்பப் பார்க்காதது எவ்வளவு வேகமாக மறக்கும் என்று ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885லேயே தன்னையே சோதித்து எழுதினார். நடுவில் புதிதாக வந்து சேர்கிறவர், எத்தனை வருட அனுபவம் சொன்னாலும், ஓரத்தில் உள்ள பயிற்சித் தூணில் கை வைத்த பிறகே மேலே ஏறட்டும்.

எண்ணிக்கை குறையவில்லையா? பணியாளர் மேல் பாயாமல் படி 2க்குத் திரும்பிப் போங்கள். குறைந்திருந்தால், வைப்ரேட்டர் பிடித்தவரையே அடுத்த குழுவுக்குச் செய்து காட்டச் சொல்லிவிட்டு, நோட்டில் மூன்றாவதாக நிற்கும் குறையை எடுங்கள்.