கல்வாழைப் பாத்தியில் கோரையையும் அறுகையும் ஒழிக்கும் முறை

திருகோணமலையில் வீட்டு வளவில் கல்வாழை நட்டவர்கள், மாரி முடிந்ததும் பாத்தியெங்கும் கோரையும் அறுகும் மண்டிக் கிடப்பதைக் கண்டு சோர்ந்துவிடுகிறார்கள். இவை நிலத்தடியில் உணவைச் சேமித்து வாழும் பல்லாண்டுக் களைகள். அந்தச் சேமிப்பைக் கரைப்பதே கீழே சொல்லப்படும் ஒவ்வொரு வேலையின் நோக்கமும் ஆகும்.

முதலில் களையை இனங்காணுங்கள். தண்டை விரல்களுக்கிடையே உருட்டும்போது மூன்று விளிம்புகள் தட்டுப்பட்டால் அது கோரை; கணுவுக்குக் கணு வேர்விட்டு நிலத்தோடு படர்ந்திருந்தால் அறுகு. கோரையை இழுத்தால் பெரும்பாலும் இலைக்கற்றை மட்டுமே கையோடு வரும். அந்த இடத்தை ஒரு சாண் ஆழத்துக்குத் தோண்டினால், கறுத்த நூல் போன்ற தண்டில் பழுப்பு நார் போர்த்த சிறு கிழங்குகள் தொடராகக் கோத்திருப்பதைக் காண்பீர்கள். தொடர் அறுபடாதவரை நுனிக் கிழங்கு மற்றவற்றை முளைக்கவிடாமல் அடக்கி வைத்திருக்கும். மண்வெட்டியால் கொத்தி அதை அறுத்து, துண்டுகளை மண்ணிலேயே விட்டால், உறங்கிக் கிடந்த கிழங்குகளும் தனித்தனியே முளைத்துவிடும். கொத்திய பாத்தியில் கோரை முன்னைவிடப் பெருகுவது இதனால்தான்.

இரண்டாவதாக, கச்சான் காற்று வீசும் ஆவணி மாத வறட்சியில் கல்வாழையைக் கிளப்புங்கள். கிழங்குகளைக் கழுவி, இடுக்குகளில் நுழைந்திருக்கும் அறுகின் வெண்ணிறத் தண்டுகளை ஒன்றுவிடாமல் உருவி எடுத்து, சற்றே ஈரமான மணலில் நிழலில் வையுங்கள். இந்தக் கழுவும் வேலையில் அவசரம் கூடாது, ஒரு கணு தங்கினாலும் அறுகு மீண்டும் தழைக்கும்.

மூன்றாவதாக, மண்ணைத் தோட்ட முட்கரண்டியால் கிளறி, களைக் கிழங்குகளையும் தண்டுகளையும் கையால் பொறுக்குங்கள். நிலாவெளி, உப்புவெளிப் பக்கத்து மணல் நிலமாயின் அரிதட்டில் அரித்துவிடலாம். பொறுக்கியவற்றைக் கூட்டெருக் குழியில் போடாமல், சீமெந்துத் தரையில் பரப்பி நல்ல வெயிலில் காயவிடுங்கள். ஒரு கிழங்கை வெட்டும்போது உள்ளே வெள்ளையாக இருந்தால் அது இன்னும் உயிரோடிருக்கிறது. பழுப்பேறிச் சுருங்கும்வரை காயவேண்டும்.

நான்காவதாக, பாத்தியை நனைத்து, ஒளி ஊடுருவும் பொலித்தீனால் மூடி, ஓரங்களை மண்ணில் புதைத்து 4 முதல் 6 வாரங்கள் விடுங்கள். சாதாரணக் கறுப்புப் பொலித்தீனைக் கோரையின் கூரிய முளை குத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். பொலித்தீனுக்கடியில் சேரும் வெயிற்சூடே கிழங்குகளைக் கொல்கிறது; ஆனால் ஆழத்திலுள்ள சில அதற்கும் தப்பும்.

மழைக்கு முன், புரட்டாதி இறுதியில், கல்வாழையைச் சற்று நெருக்கமாக நடுங்கள். கோரையும் அறுகும் நிழலில் நலிபவை என்பதால், அகன்ற இலைகள் கூடிக் கவியும் பாத்தியில் அவற்றின் வலு குறையும். குளிர்நாடுகளில் ஐரிஸ் என்னும் பூச்செடியை வளர்ப்பவர்களுக்கு இந்த வாய்ப்பு இல்லை, ஏனெனில் அதன் கிழங்கின் மேல் வெயில் படவேண்டும். நமக்கோ வைக்கோலால் மூடுபடையும் இடலாம். ஆயினும் வைக்கோலைத் துளைத்துக் கோரை எழும்பவே செய்யும்.

ஆகையால் நட்டபின் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பாத்தியைச் சுற்றிப் பார்த்து, கோரை நான்கைந்து இலை விடுமுன்னரே கிழங்கோடு அகழ்ந்தெடுங்கள். முளைப்பதற்குக் கிழங்கு செலவிட்ட உணவை இலைகள் திரும்ப ஈட்டித் தருமுன் அவற்றை அகற்றுவதே பயன் தரும். ஒரு மாதம் கவனியாது விட்டால் புதிய கிழங்குகள் உண்டாகத் தொடங்கும். அடுத்த மாரியிலும் இதைத் தொடரவேண்டியிருக்கும்.

கிளைபோசேற்று போன்ற களைகொல்லி கிழங்குவரை இறங்கக்கூடியது என்றாலும், இலையில் பட்டால் கல்வாழையையும் கொல்லும். நட்ட பாத்தியில் அதைத் தெளிக்கவேண்டாம்.

அறுகு பெரும்பாலும் வேலியோரத்திலிருந்தும் நடைபாதையிலிருந்தும் நுழைவதால், பாத்தி விளிம்பில் ஒரு சாண் ஆழத்துக்குத் தகரத்தைப் புதைத்து, அதன் மேல் ஏறிவரும் கொடிகளை அவ்வப்போது வெட்டிவிடுங்கள். விலைக்கு மண் ஏற்றுவிப்பவர்கள், பறிக்குமுன் ஒரு கூடை மண்ணை அரித்துக் கோரைக் கிழங்கு உண்டா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.