காருக்குள் பூசும் பாலிஷ்: வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார் வாங்கிய முதல் சித்திரையிலேயே டேஷ்போர்டில் எதையாவது பூசிவிடுகிறார்கள். பாளையங்கோட்டையில் கார் உள்வேலை செய்யும் என்னிடம் அதற்குப் பிறகுதான் வருகிறார்கள். அழுக்கின்மேல் பூசக்கூடாது என்பதெல்லாம் பாட்டிலிலேயே இருக்கிறது. தேர்வில் நடக்கும் தவறுகளை மட்டும் சொல்கிறேன்.

பளபளப்பைப் பார்த்து வாங்குவது

சிலிக்கான் எண்ணெய் மிகுந்த பாலிஷ் பூசிவிட்டு மாலையில் ஆலங்குளம் வழியாகத் தென்காசிக்கு ஓட்டிப் பாருங்கள். மேற்கு வெயில் டேஷ்போர்டில் பட்டு முன்கண்ணாடியில் தெறிக்கும். எதிரே வரும் சைக்கிள் தெரியாது. திசையன்விளைப் பக்கம் போனால் தேரிச் செம்மண் அந்தப் பிசுக்கில் அப்பிக்கொள்ளும். மினுங்காத பூச்சே நல்லது.

கதவு பீடிங்கில் டீசல்

இதைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. வாட்டர் சர்வீஸில் அடிப்பகுதிக்கு அடித்த டீசலில் துணியை நனைத்து, கதவு விளிம்பைச் சுற்றியிருக்கும் ரப்பர் பட்டையான பீடிங்கையும் துடைத்துவிடுகிறார்கள். ரப்பர் கன்னங்கரேலென்று புதிதுபோல் ஆகிவிடும். பெரும்பாலான கார்களில் அது இ.பி.டி.எம். என்னும் செயற்கை ரப்பர். வெயில், மழை இரண்டையும் ஆண்டுக்கணக்கில் தாங்கும். டீசலையும் மண்ணெண்ணெயையும் தாங்காது. உறிஞ்சி உப்பி, இளகிவிடும்.

வள்ளியூரிலிருந்து வாடகைக் கார் ஓட்டுநர் ஒருவர் வந்தார். "அண்ணாச்சி, ஐப்பசி மழையில் கால் வைக்கும் இடமெல்லாம் தண்ணீர்" என்றார். பீடிங்கை இரு விரலால் அழுத்தினேன். அழுங்கிய இடம் மேலெழவில்லை. விரலில் கறுப்பு ஒட்டியது. மூலைகளில் ரப்பர் நீண்டு பிதுங்கியிருந்தது. நான்கு கதவுக்கும் புது பீடிங், தரைவிரிப்பைக் கழற்றிக் காயவைத்த கூலி வேறு. மாதந்தோறும் அக்கறையாகத் துடைக்கச் சொன்ன மனிதர் அவர்!

கடையில் விற்கும் சில பாலிஷ்களிலும் இதே வகைக் கரைப்பான் உண்டு. லேபிளில் 'பெட்ரோலியம் டிஸ்டிலேட்' என்றிருந்தால் ரப்பர் பக்கம் கொண்டுபோகாதீர்கள். வீட்டில் இருக்கும் பாட்டில் என்றால் டம்ளர் தண்ணீரில் சில சொட்டு விடுங்கள். பால்போல் கலந்தால் பெரும்பாலும் பயமில்லை. மேலே மிதந்து மண்ணெண்ணெய் வாடை அடித்தால் வேண்டவே வேண்டாம். டேஷ்போர்டுக்கு ஆகாத சிலிக்கான் இந்த ரப்பருக்கு ஆகும். சிலிக்கான் கிரீஸை மெல்லிதாகத் தடவினால் போதும்.

தேங்காய் எண்ணெய்

சிக்கு வாடை அடிக்கும். வேண்டாம்.

ஸ்டீயரிங், பெடல்

எதையும் பூசாதீர்கள். வழுக்கும்.

பூசிவிட்டு வெயிலில் நிறுத்துவது

டேஷ்போர்டின் வினைல் உறையை மென்மையாக வைத்திருக்கும் பிளாஸ்டிசைசர் சூட்டில் மெல்ல வெளியேறும். முன்கண்ணாடியின் உட்புறம் படியும் மங்கலில் அதுவும் உண்டு. போனதை எந்தப் பாலிஷும் திருப்பித் தராது. புற ஊதாத் தடுப்பு உள்ளதாக வாங்குங்கள், நிழலிலும் நிறுத்துங்கள். முன்கண்ணாடியின் நடுவே இருக்கும் படலம் புற ஊதாக் கதிரைப் பெருமளவு தடுத்துவிடும்; சாதாரணப் பக்கக் கண்ணாடி அந்த அளவு தடுக்காது. அதனால் பூசும்போது கதவின் மேல்விளிம்பை விட்டுவிடாதீர்கள்.