ட்ரெய்லர் சுவர் உப்பிப்போனால் என்ன செய்வது

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், மிச்சிகன் மாநிலத்தில். 24 அடி நீளமுள்ள பழைய ட்ரெய்லர், அதாவது வண்டிக்குப் பின்னால் கட்டி இழுத்துப் போகும் சக்கர வீடு, ஒன்று வைத்திருக்கிறோம். ஒரு ஜூன் மாதச் சாயங்காலம் வெயில் சரிந்து அதன் பக்கச் சுவரில் பட்டபோது என் மனைவி கூப்பிட்டாள். "இங்க வந்து பாருங்களேன், சுவர் வயிறு உப்பின மாதிரி இருக்கு." ஜன்னலுக்குக் கீழே ஒரு தாம்பாளம் அகலத்துக்கு மேடு. கையால் அழுத்தினால் உள்ளே போனது, விட்டால் 'டப்' என்று வெளியே வந்தது.

இந்த ரகச் சுவர் எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்தால்தான் வைத்தியம் புரியும். இந்த நாட்டு ட்ரெய்லர்களில் பெரும்பங்கு இண்டியானாவின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் தயாராகிறது. அலுமினியச் சட்டம், அதன் நடுவில் தெர்மோகோல், மேலே லுவான் என்ற சுமார் 3 மில்லிமீட்டர் மெல்லிய ப்ளைவுட், அதற்கும் மேலே வழவழப்பான ஃபைபர்கிளாஸ் தகடு. எல்லாவற்றையும் அடுக்கிப் பசை தடவி அழுத்தி ஒட்டிவிடுவார்கள். லேசாகவும் உறுதியாகவும் இருக்கும், உள்ளே தண்ணீர் போகாதவரை. போனால் லுவான்தான் முதலில் ஊறும். எங்கள் குளிரில் அந்த ஈரம் உறைந்து விரியும், வசந்தத்தில் உருகும். மரம் ஏடு ஏடாகப் பிரிந்துவிடும்.

முதல் வருடம் நான் செய்தது தப்பு. துளை போட்டு ஊசியால் பசை ஏற்றினேன், சுவர் சமமானது. அடுத்த ஏப்ரலில் மேடு இரண்டு மடங்காகத் திரும்பி வந்தது. தண்ணீர் வரும் வழியை அடைக்காமல் ஒட்டியிருந்தேன். அதனால் சொல்கிறேன், பசை டப்பாவைத் திறப்பது கடைசி வேலை.

முதலில் வழியைத் தேடுங்கள். மேலிருந்து கீழே வாருங்கள்: கூரை விளிம்பில் வெடித்த சீலன்ட் (இடுக்கை அடைக்கும் பசை), மூலைகளில் இருக்கும் சின்ன விளக்குகள், பின்பக்க ஏணியின் கால்கள், மூலை ஓரப்பட்டை, ஜன்னல் சட்டம். தண்ணீர் நேராகக் கீழே இறங்காது, சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எங்கெங்கோ போகும். எங்கள் மேடு ஜன்னலடியில் இருந்தது. ஓட்டையோ ஐந்தடி தள்ளி, கூரை மூலை விளக்குக்குப் பின்னால். அதன் ரப்பர் காய்ந்து பப்படம் மாதிரி நொறுங்கியது. கண்ணுக்குத் தெரியாவிட்டால் கூரைத் துவாரம் ஒன்றின் வழியாக மின்விசிறியால் உள்ளே மிதமாகக் காற்றடித்து, மற்ற துவாரங்களை டேப் போட்டு மூடி, வெளியே சோப்புத் தண்ணீர் தெளியுங்கள். எங்கே நுரை கிளம்புகிறதோ அங்கே கசிவு.

அப்புறம் ஓரப்பட்டையைக் கழற்றுங்கள். அதன் நடுவில் இருக்கும் வினைல் நாடாவை உருவினால் ஸ்க்ரூ வரிசை தெரியும். துருப்பிடித்தவை இருந்தால் அந்த இடத்தைச் சந்தேகப்படுங்கள். பட்டைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பழைய அடைப்புப் பசையைப் பிளாஸ்டிக் கரண்டியால் சுரண்டுங்கள், இரும்பு வேண்டாம், தகடு கீறும். ஜன்னலையும் எடுத்துவிட்டால் சுவரின் அடுக்கு முழுக்கத் தெரியும். நான் தகட்டை மெதுவாக விலக்கிப் பார்த்தபோது அதன் முதுகில் பழுப்பு நிறத்தில் மரத்தோல் ஒட்டியிருந்தது. தொழிற்சாலைப் பசை விடவில்லை, மரம்தான் உரிந்துவிட்டது. பூஞ்சை இருக்கும், என்95 முகக்கவசமும் கையுறையும் அவசியம்.

சொதசொதவென்று மக்கிய மரத்தை நீளத் தகட்டுக் கத்தியால் சுரண்டி எடுத்து, அந்த இடத்துக்கு அதே கனத்தில் புது லுவான் வெட்டி வையுங்கள். சுவரின் பெரும்பகுதி உப்பியிருந்தாலோ, தரை மிதித்தால் அமுங்கினாலோ இந்த முறை போதாது. தகட்டை முழுதாகப் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

காய விடுவதில் அவசரம் கூடாது. இடைவெளியில் மரக்குச்சிகளைச் செருகி, வெளியே மின்விசிறி, உள்ளே ஈரம் உறிஞ்சும் மிஷின் என்று ஐந்து வாரம் விட்டோம். ஹீட் கன் காட்டாதீர்கள், தெர்மோகோல் சுருங்கிவிடும். ஊசி வைத்த ஈரமானியால் அளந்துகொண்டே இருங்கள். நல்ல இடத்தில் எனக்கு 11 சதவீதம், மேட்டில் 30க்கு மேல். அது 13க்கு இறங்கிய பிறகுதான் தொட்டேன். ஊசி அலுமினியத்தில் பட்டால் எண் தாறுமாறாக ஏறும், பயப்பட வேண்டாம், இரண்டு அங்குலம் தள்ளிக் குத்திப் பாருங்கள்.

பசையில் ஒரு எச்சரிக்கை. பாலியஸ்டர் ரெசினும், கரைப்பான் கலந்த கான்டாக்ட் பசைகளும் தெர்மோகோலைக் கரைத்துவிடும். ரெசினும் ஹார்டனரும் (இறுக வைக்கும் திரவம்) கலந்து போடும் எபாக்ஸி கரைக்காது. நான் வெஸ்ட் சிஸ்டம் என்ற பிராண்டின் 105 ரெசினை, மெதுவாக இறுகும் 206 ஹார்டனருடன் ஐந்துக்கு ஒன்று அளவில் கலந்தேன். வெளியே 16 டிகிரி செல்சியசுக்கு மேல் இருக்க வேண்டும். ஆழமான டம்ளரில் நிறையக் கலந்து வைத்தால் தானே சூடேறிக் கட்டியாகிவிடும், அகலத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள்.

கலக்கும் முன் அழுத்தும் ஏற்பாட்டை ஒருமுறை வெறுமனே செய்து பாருங்கள். நான் ட்ரெய்லரை கராஜ் சுவருக்கு நான்கடி தள்ளி நிறுத்தினேன். தகட்டின் மேல் பாலித்தீன் தாள், அதன் மேல் முக்கால் அங்குல ப்ளைவுட், அதற்கும் கராஜ் சுவருக்கும் இடையே மரக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் ஒரு ஆப்பு. உள்ளேயும் அதேபோல எதிர்ச்சுவரோடு முட்டுக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் சுவர் உள்பக்கம் வளையும். நீளமான பிளாஸ்டிக் பட்டையால் இரண்டு முகத்திலும் எபாக்ஸியைத் தேய்த்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஆப்புகளைத் தட்டினேன். மனைவி உள்ளே சுவரில் கை வைத்தபடி நின்றாள். "போதும், இங்க முட்டு முனகுது, இனிமே ஒரு தட்டுகூட வேண்டாம்" என்றாள். ஓரத்தில் வழிந்ததைத் துடைத்துவிட்டு இரண்டு நாள் அப்படியே விட்டோம்.

மூடும்போது பழைய ஸ்க்ரூக்களைப் போடாதீர்கள். ஓரப்பட்டைக்கும் ஜன்னலுக்கும் பின்னால் புது ப்யூட்டைல் டேப் (பிசுபிசுப்பான ரப்பர் மாதிரி அடைப்பு நாடா), துருப்பிடிக்காத ஸ்க்ரூ, புது வினைல் நாடா. ஜன்னலின் மேல் விளிம்பிலும் இரண்டு பக்கத்திலும் சீலன்ட் இழுங்கள், கீழ் விளிம்பைத் திறந்தே விடுங்கள், தப்பி உள்ளே போன தண்ணீர் வெளியேற வழி வேண்டும். சிலிக்கோன் மட்டும் வேண்டாம், அதன் மேல் பிறகு வேறு எதுவும் ஒட்டாது.

அதற்குப் பிறகு ஏப்ரலிலும் அக்டோபரிலும் கூரையில் ஏறி விளிம்பு முழுக்க விரலால் தடவிப் பார்க்கிறேன். உள்சுவரில் பென்சிலால் மூன்று புள்ளி வைத்திருக்கிறேன். இந்த ஏப்ரலில் மூன்றிலும் ஈரம் 11 சதவீதம்.